பாட்டியின் யாளி டிசைனுக்கு 'பேட்டண்ட்': 35,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர். பாட்டி, அம்மா, நான் என்று மூன்று தலைமுறையாக எம்பிராய்டரிதான், இப்போது கொக்கி ஊசியால் போடும் ஆரி வேலை. வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூணைப் பார்த்துப் பாட்டி வரைந்த யாளிதான் எங்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. இப்போது ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடைக்காரர் அதையே மெஷினில் போட்டுப் பாதி விலைக்கு விற்கிறார். 35,000 ரூபாய் கொடுத்தால் டிசைனை 'பேட்டண்ட்' செய்து தருவதாக ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அட்வான்ஸ்கூட வேண்டாம்.

பேட்டண்ட் என்பது புதுக் கண்டுபிடிப்புக்கு. வழிவழியாக வந்த அறிவுக்கு அது கிடையாது என்று பேட்டண்ட் சட்டத்தின் 3-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. தையல் டிசைனுக்குப் பேட்டண்ட் என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவருக்கு விஷயம் தெரியாது, இல்லையென்றால் நன்றாகத் தெரிந்துதான் உங்களிடம் வருகிறார்.

உங்கள் வேலைக்குப் பொருந்துவது 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டப்படி செய்யும் பதிவு. தனி ஆளுக்கு அரசுக் கட்டணம் 1,000 ரூபாய். கிடைத்தால் பத்து வருடம், நீட்டித்தால் இன்னும் ஐந்து. ஆனால் டிசைன் புதிதாக இருக்க வேண்டும், விண்ணப்பிக்கும் முன் வெளியே வந்திருக்கக் கூடாது. பாட்டியின் யாளியோ எத்தனை கல்யாண ப்ளவுஸில் ஏறியிருக்கும்! அதற்கு இனி பதிவு கிடையாது. ஏஜெண்ட் எப்படியோ சான்றிதழ் வாங்கிக் கொடுத்தாலும், கடைக்காரர் உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் பழைய கல்யாண ஆல்பத்தைக் காட்டி அதை ரத்து செய்யக் கேட்கலாம். மேடைக்கு மேடை பாரம்பரியம் என்று பேசுகிறோம், சட்டத்தின் முன்னால் போய் நின்றால் பழசு என்பதே குறையாகிவிடுகிறது. எனக்கும் எரிச்சல்தான், என்ன செய்வது.

பாட்டி வரைந்த நோட்டுக்குப் பதிப்புரிமை உண்டே என்று ஏஜெண்ட் அடுத்துச் சொல்வார். உண்டு, அது வரைந்த உடனே தானாக வந்துவிடுகிறது. ஆனால் டிசைனாகப் பதியாமல் ஐம்பது தடவைக்கு மேல் உற்பத்தி செய்தால் அந்த உரிமையும் போய்விடும். இதில் இன்னொரு வித்தை, பதிப்புரிமைக்கு விண்ணப்பித்ததும் ஒரு டைரி நம்பர் வரும், அதை வண்ணத்தாளில் அச்சடித்து 'சர்டிஃபிகேட்' என்று நீட்டுவார்கள். அது மனு வந்து சேர்ந்ததற்கான எண், அவ்வளவுதான்.

புவிசார் குறியீடும் ஒரு வீட்டுக்குக் கிடைக்காது. தோடர் எம்பிராய்டரிக்கு 2013-இல் கிடைத்ததென்றால் அவர்களுடைய சங்கமும் தமிழக அரசின் கைவினை நிறுவனமான பூம்புகாரும் சேர்ந்து விண்ணப்பித்ததால்தான்.

சரி, என்னதான் செய்யலாம்? அதே யாளியை வைத்து நீங்கள் புதிதாக ஒன்று போடலாம். வாலைக் கொடியாக்கி, ப்ளவுஸ் கை ஓரத்தில் சர்க்கரை மணியும் ஜர்தோசிச் சரிகையுமாக, இதுவரை இல்லாத மாதிரி ஓர் அமைப்பு வந்தால் அதைப் பதியலாம். ஆனால் விண்ணப்பம் போகிறவரை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள், இன்ஸ்டாவிலும் வேண்டாம். 'கண்காட்சியில் வைத்தால் ஆறு மாதம் டைம் உண்டு' என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சலுகை எந்தக் கண்காட்சிக்கு என்று கேளுங்கள். மத்திய அரசு அதற்கென்று அறிவித்த கண்காட்சியாக இருக்க வேண்டும், வைப்பதற்கு முன்பே டிசைன் அலுவலகத்துக்கு உரிய படிவத்தில் தகவல் கொடுத்திருக்க வேண்டும், முதலில் வைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பமும் போயிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் போச்சு. கல்யாண மண்டபத்தில் போடும் 'எக்ஸ்போ' ஸ்டால் இதில் வராது, ரிப்பன் வெட்டியது யாராக இருந்தாலும் சரி.

அப்புறம் அந்த ட்ரேஸ் ஷீட். ஊசியால் குத்திய பட்டர் பேப்பர் ஒன்று கைக்குக் கிடைத்தால் போதும், நீலம் கலந்த மண்ணெண்ணெயைத் தொட்டுத் தேய்த்து டிசைனை அப்படியே துணியில் இறக்கிவிடலாம். வேலைக்கு வருகிறவர்களிடம் ஷீட்டை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள். புது டிசைன் என்றால் முதல் தாளில் தேதி போட்டு ஒரு போட்டோ எடுத்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் உங்களிடம் பூட்டி வைக்கக்கூடிய பெரிய சொத்து பெயர்தான். பாட்டி பெயரிலோ வேறு பெயரிலோ ஒரு பிராண்டு வைத்து டிரேட்மார்க் பதியுங்கள். தனி நபருக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு வகைப் பொருளுக்கு, 4,500 ரூபாய், பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். கடைக்காரர் யாளியைப் போடுவார், உங்கள் லேபிளைப் போட முடியாது. பதிவு கிடைக்கும்வரை வட்டத்துக்குள் 'ஆர்' போடக் கூடாது, அது குற்றம். 'டி.எம்.' போடலாம்.

டிரேட்மார்க் அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. டிசைன் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது கொல்கத்தாவில், மனு ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்த கைத்தொழில்காரர் இதை எப்படித் தானே நிரப்புவார் என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை, ஏஜெண்டுகள் பிழைப்பதே இதனால்தான். ஏஜெண்ட் வைத்தால் சட்டத்துக்கு ஆட்சேபமில்லை, வைக்காமலும் போடலாம். வைக்கிறீர்கள் என்றால் அனுப்புவதற்கு முன் மனுவின் நகலை வாங்கி, உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தன் பெயரைப் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. அரசுக் கட்டண ரசீதையும் அவருடைய கூலியையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள், உங்கள் ஏஜெண்ட் அதற்கு என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.