ஆயுள் தண்டனை என்றால் எத்தனை வருடம்?

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "கொலை வழக்கில் என் தம்பிக்குப் போன மாதம் ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டார்கள். தீர்ப்புக்கு முன்பே ஒரு வருடம் எட்டு மாதம் ரிமாண்டில் இருந்தான். பகல் ஒரு நாள், இரவு ஒரு நாள் என்று கணக்கு வைத்து ஏழே வருடத்தில் விட்டுவிடுவார்கள் என்கிறார்கள். அண்ணா பிறந்தநாள் விடுதலைப் பட்டியலில் பெயர் சேர்க்க ஒருவர் ஒன்றரை லட்சம் கேட்கிறார். தரலாமா?"

தராதீர்கள் அம்மா. ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

பகலும் இரவும் தனித்தனி நாள் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆயுள் தண்டனை என்றால் சட்டப்படி ஆயுள் முழுக்கத்தான். காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற கோபால் கோட்சே, சிறையில் தண்டனையிலிருந்து குறைத்துக் கொடுத்த கழிவு நாட்களையெல்லாம் கூட்டி "என் தண்டனை முடிந்துவிட்டது" என்று வாதாடினார். 1961-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இன்றைக்கும் அதுதான் நிலை.

அப்புறம் எல்லோரும் சொல்லும் 14 வருடக் கணக்கு எங்கிருந்து வந்தது? மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவரை, 14 வருடம் உள்ளே இருக்காமல் அரசு முன்விடுதலை செய்யக் கூடாது என்று 1978-ல் சட்டம் வந்தது. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ல் அது 475-வது பிரிவு. கொலை வழக்கு இதற்குள் வரும். ஆக, 14 வருடம் முடிந்தால் தானாகக் கதவு திறக்காது. அதன் பிறகுதான் அரசு பரிசீலிக்கவே முடியும்.

இந்த 14-ல் எது சேரும், எது சேராது என்பதில்தான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. ரிமாண்டில் இருந்த காலம் சேரும். ஆயுள் கைதிக்கும் அது உண்டு என்று 1985-லேயே தீர்ப்பாகிவிட்டது. வேலைக்கும் நன்னடத்தைக்கும் சிறையில் கிடைக்கும் கழிவு நாட்கள் சேராது. பரோலில் வீட்டில் இருந்த நாட்களும் சேராது. கோவா கைதிகள் தொடர்ந்த வழக்கில் 2023-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தங்கை கல்யாணத்துக்கு வந்த நாள், அப்பா காரியத்துக்கு வந்த நாள் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து "இந்தத் தையில் 14 முடிகிறது" என்று நம்பி உட்காருகிறார்கள். மேல்முறையீட்டு ஜாமீனில் வெளியே இருந்த மாதங்களையும் சேர்க்கிறார்கள். எதுவும் சேராது. உள்ளே கழித்த நாள் மட்டும்தான் கணக்கு.

ஏழு வருடக் கதைக்கும் ஒரு மூலம் உண்டு. அரசியல் சாசனத்தின் 161-வது பிரிவில் ஆளுநர் பெயரால் அரசு தண்டனையைக் குறைக்கும்போது இந்த 14 வருட வரம்பு தடையாகாது. 2008-ல் அண்ணா நூற்றாண்டுக்கு 7 வருடம் முடித்தவர்களையும், 2018-ல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கு 10 வருடம் முடித்தவர்களையும் அப்படித்தான் விட்டார்கள். ஒவ்வொரு முறையும் தனி அரசாணை, தனி நிபந்தனை. வருடா வருடம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

பட்டியலைச் சிறைப் பதிவேட்டை வைத்துக் கண்காணிப்பாளர் அலுவலகம் தயாரிக்கும். நன்னடத்தை அலுவலர் வீடு தேடி வந்து விசாரிப்பார், போலீஸ் கருத்து கேட்பார்கள். இதில் புரோக்கருக்கு எந்த இடமும் இல்லை. எப்படியும் விடுதலையாகப் போகிறவர் வீட்டில் காசு வாங்கி "நான்தான் முடித்தேன்" என்பார். மற்றவர்களிடம் "ஃபைல் மேலே நிற்கிறது" என்பார், பிறகு போனை எடுக்கமாட்டார். இரண்டு வருடம்கூட முடிக்காத உங்கள் தம்பியை எந்தப் பட்டியலில் சேர்ப்பாராம்?

ஃபைல் நிற்பது மட்டும் உண்மை. பேரறிவாளன் விடுதலைக்கு அமைச்சரவை 2018 செப்டம்பரில் பரிந்துரை செய்தது. அவர் வெளியே வந்தது 2022 மே மாதம், அதுவும் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு. நாடே பார்த்த வழக்குக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத கைதியின் காகிதம் எத்தனை மேசையில் தூங்கும்! தகுதி வந்தவரை, மனு இல்லாமலேயே அரசு பரிசீலிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் 14 முடியும் நாளில் தம்பி கைப்பட ஒரு விண்ணப்பம் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைக்கட்டும். காகிதம் இல்லாமல் இங்கே எதுவும் நகராது.

இப்போது அவசரம் வேறு. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய தீர்ப்பு நாளிலிருந்து 60 நாள்தான். போன மாதமே தீர்ப்பு வந்துவிட்டது என்கிறீர்கள். அங்கே கொலைக் குற்றம் என்பது, 'கொலை ஆகாத, மரணம் விளைவித்த குற்றம்' என்று மாறினால் தண்டனையே வேறாகிவிடும். தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனும் கேட்கலாம். வக்கீலுக்குக் காசில்லை என்றால், சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். சிறையிலிருந்தே கண்காணிப்பாளர் மூலமும் மேல்முறையீடு அனுப்பலாம்.

அடுத்த முறை சிறைக்குத் தம்பியைப் பார்க்கப் போகும்போது, நீதிமன்றம் சிறைக்கு அனுப்பிய தண்டனை வாரண்டில் ரிமாண்ட் காலம் எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறதா என அவரைச் சிறையில் கேட்கச் சொல்லுங்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டோ, ஒரு காவல் நீட்டிப்பை மறந்தோ அனுப்பிவிடுவதுண்டு. குறைந்திருந்தால் தீர்ப்பளித்த நீதிமன்றத்திலேயே திருத்தக் கேட்டு மனு போடுங்கள். மேல்முறையீடு முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.