சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு): கேள்வியும் பதிலும்

எங்கள் கம்பெனிக்குப் போன ஆண்டு 6 கோடி லாபம். விற்றுமுதல் 80 கோடிதான். சி.எஸ்.ஆர். கட்டாயமா?

கட்டாயம். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி: மூன்றில் ஒன்றைத் தொட்டாலே கம்பெனிகள் சட்டத்தின் பிரிவு 135 பொருந்தும். மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். உங்களுக்குப் பத்து லட்சம் போல வரும். லாபத்தைப் பிரிவு 198-இன்படி கணக்கிட வேண்டும். செலவிட வேண்டிய தொகை 50 லட்சத்தைத் தாண்டாததால் தனி சி.எஸ்.ஆர். குழு தேவையில்லை.

எங்கள் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மட்டும் உதவித்தொகை கொடுத்தோம். கணக்கில் சேருமா?

சேராது. அது ஊழியர் நலன்.

எங்கள் டிரஸ்டுக்கு கம்பெனி நிதி வாங்குவது எப்படி?

என்ன டிரஸ்ட், என்ன வேலை செய்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள்! வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், மூன்றாண்டு அனுபவம், கம்பெனி விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர்-1 பதிவு எண். இவை இருந்தால் பேசலாம். கமிஷன் கேட்கும் இடைத்தரகரை வாசலோடு அனுப்புங்கள். எதையும் எழுத்தில் வாங்குங்கள்.

எங்கள் கிராமப் பள்ளிக்கு ஒரு கம்பெனி கட்டிக்கொடுத்த கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது. யாரைக் கேட்பது?

இப்படிக் கடிதம் வராத மாதமே இல்லை. சுவரில் சேர்மன் பெயர் பொறித்த பளிங்குக் கல் பளபளக்கும். குழாயைத் திருகினால் காற்றுதான் வரும். மோட்டார் எரிந்தால் மாற்றப் பணமில்லை, கழுவுகிறவருக்குச் சம்பளம் தர எந்தக் கணக்கிலும் இடமில்லை. தலைமையாசிரியர் பூட்டிவிடுகிறார், அவரைக் குறை சொல்லி என்ன பயன்? மாதவிடாய் நாட்களில் மாணவிகள்தான் லீவு போடுகிறார்கள். கம்பெனியின் ஆண்டறிக்கையிலோ பள்ளியில் படிக்கும் அத்தனை பேரும் ‘பயனாளிகள்’.

திட்டத்தால் உண்மையில் பயன் விளைந்ததா என்று பார்க்கும் தாக்க மதிப்பீடு சட்டத்தில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, சி.எஸ்.ஆருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி செலவிட வேண்டிய பெரிய கம்பெனிகளின் 1 கோடிக்குக் குறையாத திட்டங்களுக்கு. உங்கள் பள்ளிக் கழிப்பறை அதில் வராது. கம்பெனி இதைப் பல ஆண்டு நடக்கும் தொடர் திட்டமாக எடுத்துக்கொண்டால், தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டு வரை செலவிடச் சட்டமே இடம் தருகிறது. பராமரிப்பையும் அதில் சேர்த்திருக்கலாம். ஆனால் பராமரிப்புக்குத் திறப்பு விழா கிடையாதே!

பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, கம்பெனியின் சி.எஸ்.ஆர். குழுவுக்கு அனுப்புங்கள், உறுப்பினர் விவரமும் திட்டப் பட்டியலும் அவர்கள் இணையதளத்திலேயே இருக்க வேண்டும். அடுத்து எவர் கட்டித்தர வந்தாலும், கல் பதிக்கும் முன்பே பராமரிப்புக்கு எழுத்தில் வாங்குங்கள்.

செலவாகாத தொகையை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாமா?

தொடர் திட்டத்துக்கு உரியது என்றால், நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள். மற்றது ஆறு மாதத்துக்குள் கம்பெனிகள் சட்டத்தின் அட்டவணை 7 சொல்லும், பிரதமர் தேசிய நிவாரண நிதி போன்ற ஒரு நிதிக்குப் போக வேண்டும். தவறினால் அபராதம் அந்தத் தொகையின் இரு மடங்கு அல்லது 1 கோடி, எது குறைவோ அது.

கட்சிக்குக் கொடுத்த நன்கொடை?

சி.எஸ்.ஆர். ஆகாது. எந்தக் கட்சியானாலும்.