ரைபிள் பித்தளைக் கூடு எத்தனை முறை தாங்கும்?

ஒரே தோட்டாக் கூட்டை எத்தனை தடவை மறுபடி நிரப்பிச் சுடலாம் என்று கேட்டால், ஒற்றை எண்ணாகச் சொல்ல முடியாது. மிதமான வெடிமருந்தளவில் 10 தடவைக்கு மேலும் வரலாம். உச்ச அழுத்தத்தில் சுட்டால் நாலைந்து தடவையிலேயே பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) உட்காரும் குழி தளர்ந்துவிடும். குண்டைப் பிடிக்கும் கழுத்தில் விரிசல் விழுவது பித்தளை இறுகிப்போவதால். கழுத்தையும் அதற்குக் கீழே சரிவாக இருக்கும் தோளையும் மட்டும் சூடுகாட்டிப் பதப்படுத்தினால் அது தள்ளிப்போகும். அடிப்பாகத்தில் சூடு ஏறவே கூடாது. அங்கே பித்தளை மென்மையானால் ஆபத்து.

நான் அதிகம் பயப்படுவது அடி பிய்ந்துபோவதற்குத்தான். சுட்ட கூட்டை அச்சில் அழுத்தி அளவுதிருத்தும்போது தோளை அதிகமாகப் பின்தள்ளினால், சுடுகையில் கூடு நீண்டு அடிக்குச் சற்று மேலே உட்சுவர் மெலியும். நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுகிறதா? சரி, அந்தக் கூட்டை நசுக்கித் தூக்கிப் போடுங்கள். போல்ட் ரைபிளில் (ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துச் சுடும் வகை) தோளை 0.002 அங்குலம் போலத் தள்ளினாலே போதும்.