சாயமா, சருமமா?

கேள்வி: அடர் நீலத்தில் பாலியஸ்டர் லைனிங் வைத்த உடை ஒன்று வாங்கினேன். மூன்று நான்கு முறை உடுத்தியதுமே அக்குள் ஓரமும் தொடை இடுக்கும் சிவந்து, தடித்து, அரிக்கிறது. சாயத் துணியால் புற்றுநோய்கூட வரும் என்கிறார்கள். எல்லாத் துணிகளையும் தூக்கிப்போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்த உடையை மட்டும் இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

‘அக்குள் ஓரம்’ என்று சரியாக எழுதியிருக்கிறீர்கள். டியோடரன்ட் ஒத்துக்கொள்ளாவிட்டால் பெரும்பாலும் அக்குளின் நடுக்குழி சிவக்கும். துணி என்றால் அது உரசுகிற ஓரத்தில்தான் தடிக்கும், குழி தப்பிவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் இது எனக்குப் பிடிபடவில்லை. ஒரு பெண்ணுக்குப் படர்தாமரை என்று நினைத்து ஆறு வாரம் களிம்பு கொடுத்தேன். என்ன உடுத்துகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தனை நாளும் அவர் அரிப்போடு தூங்காமல் இருந்ததை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பாலியஸ்டருக்கு ஏற்றுவது டிஸ்பர்ஸ் வகைச் சாயம். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம்போல அது இழையோடு வேதிப்பிணைப்பு கொள்வதில்லை. வியர்வையும் உரசலும் சேர்ந்தால் கொஞ்சம் கழன்று தோலில் இறங்கும். அடர் நிறங்களுக்குப் போடும் டிஸ்பர்ஸ் ப்ளூ 106, 124 இரண்டும் ஒவ்வாமைக்குப் பேர்போனவை. புதுத் துணியைத் துவைத்து உடுத்துவது நல்ல பழக்கம்தான், மிகுதிச் சாயம் போய்விடும். ஆனால் ஒவ்வாமை வந்தபின் அதே உடையைத் துவைத்துத் துவைத்து உடுத்துவதில் பயனில்லை.

அப்புறம், புற்றுநோய். அசோ என்ற வகைச் சாயங்களில் சில உடைந்து, புற்றுநோய் உண்டாக்கும் பென்சிடின் போன்ற அமீன் ரசாயனங்களாக மாறும் என்பது உண்மை. சாய ஆலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வருவதை 1895இலேயே ஜெர்மன் அறுவை மருத்துவர் லுட்விக் ரென் எழுதினார். அவர்கள் அந்த ரசாயனங்களை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்கள். உடுத்துபவருக்குச் சேருவது அதில் மிகச் சிறிய அளவு. ஐரோப்பிய ஒன்றியம் இந்த அமீன்களுக்குத் துணியில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. உங்கள் தடிப்பு புற்றுநோயின் அறிகுறி அல்ல, பயப்படாதீர்கள்.

தோல் மருத்துவரிடம் துணிச் சாயங்களுக்கான பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். எந்தச் சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, சாயங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக முதுகில் ஒட்டுவார்கள், இரண்டு நாள் நனையக்கூடாது. எடுத்ததும் ஒருமுறை பார்ப்பார்கள், ஓரிரு நாள் கழித்து இன்னொருமுறை. ஹேர் டை ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டு என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். லைனிங்கில் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் போங்கள், அதையும் சேர்த்து ஒட்டிப் பார்க்கலாம்.