வெளிர்பச்சைத் தூள் உதிரும் ரோமானியக் காசு

நண்பரே, பச்சைத் தூள் உதிரும் பழைய ரோமானிய வெண்கலக் காசின் படத்தைப் போட்டு, புளியால் தேய்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் புளியைக் கீழே வையுங்கள்! குத்துவிளக்கு வேறு, இது வேறு. தேய்த்தால் மேல்பூச்சும் எழுத்தும் போய்விடும். காசின் மதிப்பே அதில்தான்.

கெட்டியான கரும்பச்சைப் படலம் நல்லது. நீங்கள் சொல்லும் மாவுபோல உதிரும் வெளிர்பச்சைதான் வெண்கல நோய். உள்ளே தங்கிய குளோரைடு உப்பு ஈரக்காற்று பட்டதும் செம்பைத் தின்கிறது. தூளைப் பல்குச்சியால் மெல்லச் சுரண்டிவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் வாரக்கணக்கில் ஊறவிடுங்கள், நீரை அடிக்கடி மாற்றி. நன்கு உலர்ந்தபின் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். மற்ற காசுகளோடு சேர்க்காதீர்கள்.

படத்தில் இரு வீரர்கள், நடுவே இரண்டு கொடிக்கம்பம்: ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலம், கி.பி. 330-335. கம்பம் ஒன்றே என்றால் அதற்குப் பிந்தியது. ஏராளமாக அச்சிட்ட வகை, பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள். அடிவிளிம்பு எழுத்தைப் படமெடுத்துப் போடுங்கள், எந்த அக்கசாலை (காசு அச்சிட்ட இடம்) என்று பார்த்துவிடலாம்.