கடைக்குள் செருப்பு

அன்புள்ள அக்கா,

திண்டுக்கல்லில் ஆறு வருஷமாக மாவுக்கடை வைத்திருக்கிறேன். வயது 44. அதிகாலை 3 மணிக்குக் கிரைண்டர் போட்டால்தான் 6 மணிக்குப் பாக்கெட் தயாராகும். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். பையன் பிளஸ் டூ. மாமியார் பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். ராத்திரி இரண்டு முறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகில் புண் வருகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். எனக்கும் சர்க்கரை இருக்கிறது, மூன்று மாத சராசரி (HbA1c) 9.4. பாதம் ராத்திரியில் எரியும், பகலில் மரத்த மாதிரி இருக்கும். மாவு அன்னலட்சுமி என்பதால் கடைக்குள் செருப்புப் போடுவதில்லை. முத்ரா கடன் வாங்கி இன்னொரு கிரைண்டர் போடலாமா, இல்லை கடையை மூடிவிட்டுச் சம்பள வேலைக்குப் போகலாமா? இத்தனையையும் எப்படிச் சமாளிப்பது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

கடன் விஷயம் சின்னது. முத்ராவில் சிசு பிரிவு என்று இருக்கிறது, 50,000 ரூபாய் வரை. ஈடு கேட்க மாட்டார்கள். உங்களுக்குக் கணக்கு இருக்கும் வங்கியில் போய்க் கேளுங்கள். பையனின் பரீட்சையைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, அவன் படிப்பான்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். ‘கடைக்குள் செருப்புப் போடுவதில்லை.’ இதே வரியை என் அப்பாவும் சொல்வார்.

விருதுநகர் பக்கம் சின்ன ஊரில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. கல்லா இருக்கும் இடம் லட்சுமி இருக்கும் இடம் என்று அப்பா வாசல்படியிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார். காலை 5 மணி முதல் ராத்திரி 10 மணி வரை சிமெண்டுத் தரையில் வெறுங்கால். பத்து வருஷச் சர்க்கரை. கால் எரிகிறது என்று கொஞ்ச நாள் சொன்னார். அப்புறம் சொல்லவில்லை. சரியாகிவிட்டது என்றே நாங்கள் நினைத்தோம்.

1994 தீபாவளிக்கு முந்தின வாரம். கடையைக் கூட்டப் போன அம்மா தரையில் சிவப்பாக ஏதோ இருப்பதைப் பார்த்தாள். கல்லாவிலிருந்து பருப்பு மூட்டை வரை, அங்கிருந்து எண்ணெய் டின் வரை, வட்ட வட்டமாக, ஒரு காலடி விட்டு ஒரு காலடி. குங்குமம் கொட்டிவிட்டது என்று துடைக்கக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சோப்புப் பெட்டியின் ஆணி ஒன்று அப்பாவின் இடது காலில் தலை வரைக்கும் ஏறியிருந்தது. அதோடு அவர் பாதி நாள் நடந்திருக்கிறார். ‘வலிக்கவே இல்லையே’ என்றார். அதைச் சந்தோஷமாக வேறு சொன்னார்.

தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்று மஞ்சளையும் தேங்காய் எண்ணெயையும் குழைத்துப் போட்டுக்கொண்டார். எங்களைக் காலைப் பார்க்க விடவில்லை. மகள் காலைத் தொடுவதா என்று இழுத்துக்கொண்டார். மூன்றாவது வாரம் குளிர்காய்ச்சல் வந்து தூக்கிக்கொண்டு ஓடினோம். முதலில் இரண்டு விரல்கள் போயின, பிறகு பாதி பாதம்.

நான் மருத்துவர் இல்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். சர்க்கரை நெடுநாள் ஏறியே இருந்தால் நரம்பு கெடும். உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை, அதனால் அங்கேதான் முதலில் கெடும். எரிச்சலாவது நம்மை எழுப்பிவிடுகிறது. மரத்துப் போவதுதான் ஆபத்து. உங்கள் கடையோ அப்பாவின் கடையைவிட மோசம். உளுந்து கழுவிய தண்ணீர் நாள் முழுக்கத் தரையில் ஓடும். விரலிடுக்கு ஊறிச் சேற்றுப்புண் வந்தால், அதன் வழியாகக் கிருமி உள்ளே போக அதிக நாள் வேண்டாம்.

அன்னலட்சுமி என்கிறீர்கள். சரி, கடைக்கென்றே தனியாக ஒரு ஜோடி வாங்குங்கள். விரல்களை மூடுகிற, ஈரத்தில் வழுக்காத காலணி. வாசலைத் தாண்டாத காலணியில் என்ன அழுக்கு இருக்கப்போகிறது? ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயே தனிச் செருப்புப் போட்டுக்கொண்டுதானே நிற்கிறார்கள்? தினமும் கழுவிக் காய வையுங்கள். வீட்டுக்கும் வெளியே போகவும் எம்.சி.ஆர். செருப்பு, அதாவது சர்க்கரைக்காரர்களுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்கிற செருப்பு. சாயங்காலம் போய் அளவு பாருங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ராத்திரி எரிகிறதே என்று வெந்நீரில் காலை வைத்துவிடாதீர்கள், சூடு தெரியாமல் வெந்துபோகும். இந்த வாரமே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் 9.4 என்ற சீட்டைக் காட்டுங்கள், மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கலாம். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனை உண்டு, அதையும் கேளுங்கள். ஐந்து நிமிஷ வேலை. நேரமில்லை என்று எனக்குப் பதில் எழுதினால் கோபம்தான் வரும். அப்பாவுக்கும் நேரமில்லை. அப்புறம் 41 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடை அத்தனை நாளும் பூட்டித்தான் கிடந்தது.

சம்பள வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு வாரம் ஒருநாள் விடுமுறை என்று 1947-லேயே இங்கே சட்டம் வந்தது. உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் அதில் சேர்த்தார்கள். உங்கள் கடையில் முதலாளியும் நீங்கள், வேலையாளும் நீங்கள். நாளைக்கு ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தால் அவளுக்கு ஸ்டூலும் லீவும் கொடுப்பீர்கள் அல்லவா? முதலில் அந்த ஸ்டூலை வாங்கிக் கிரைண்டர் பக்கத்தில் போடுங்கள். வாரத்தில் ஒருநாள் ‘இன்று மாவு இல்லை’ என்று அட்டை மாட்டுங்கள். மறுநாள் வருவார்கள், நல்ல மாவுக்குச் சனம் காத்திருக்கும். கடையை மூடுவதா வேண்டாமா என்று அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

ஒன்றரை வருஷமாக மாமியாரின் முதுகில் ஒரு புண் வர விடவில்லை நீங்கள். அதைப் படித்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும். அதே டார்ச்சை இன்று ராத்திரி உங்கள் பாதத்தின் பக்கம் திருப்புங்கள். குனிந்து பார்க்க முடியாவிட்டால் பையனைக் கூப்பிடுங்கள். விரலிடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்கப்பட்டுக் காலை இழுத்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
அக்கா