வாயப்பயம் சொல்லும் பேரன்

கேள்வி: மகளை வேலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். ஆறு வயதுப் பேரன் விடுமுறைக்கு வந்தால் வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்றும் மழையை 'மயை' என்றுமே பேசுகிறான். அதட்டியும் மாறவில்லை. இப்படி ஊருக்கு ஒரு பேச்சை வளரவிட்டால் தமிழ் கெட்டுப்போகாதா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: பேரனை அதட்டும் முன்பு, நீங்கள் அந்தச் சொல்லை எப்படிச் சொல்கிறீர்கள் என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். மதுரை வீதிகளில் பெரும்பாலும் 'வாளப்பளம்'தான் விற்கிறது. ழகரத்துக்கு நாக்கின் நுனி பின்னால் வளைய வேண்டும், ஆனால் மேலண்ணத்தைத் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் ளகரம். நுனி மடங்காமல் கீழேயே நின்றுவிட்டால் யகரம். உங்கள் ஊர் ஒரு பக்கம் நகர்ந்தது, வேலூர் இன்னொரு பக்கம் நகர்ந்தது, அவ்வளவுதான். நம் கோழி கன்னடத்தில் கோளி, தெலுங்கில் கோடி. அதை யாரும் கெட்டுப்போன கோழி என்பதில்லை.

பேச்சுத் தமிழுக்கு ஒழுங்கு இல்லை என்பதுதான் உங்கள் பயத்தின் வேர் என்று நினைக்கிறேன். ஒழுங்கு இருக்கிறது, கறாராகவே இருக்கிறது. 'படித்தான்' பேச்சில் 'படிச்சான்' ஆகிறது. 'கொடுத்தான்' மட்டும் 'கொடுச்சான்' ஆவதே இல்லை. ஏன்? தகரத்துக்கு முன்னால் இகரமோ ஐகாரமோ யகர மெய்யோ இருந்தால்தான் அது சகரமாகும்: சிரிச்சான், அடைச்சான், மேஞ்சுது. அதேபோல 'இலை' எலையாகும், 'இடி' எடியாகாது. 'குடை' கொடையாகும், 'குடி' கொடியாகாது. அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால்தான் முதல் உயிர் இப்படி இறங்கும். எந்த வாத்தியாரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் உங்கள் ஆறு வயதுப் பேரன் இதில் பிசகுவதில்லை. பிள்ளையின் தலைக்குள் இத்தனை இலக்கணம் இருப்பதைப் பார்த்து எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

சரி, பழைய தமிழ் மாறாமல் இருந்ததா? 'செவி' கன்னடத்தில் 'கிவி'. நம் செம்மைக்கு உறவான சிவப்பு அங்கே 'கெம்பு'. இவற்றில் மூத்தது ககரம்தான். இகர எகரத்துக்கு முன் வந்த ககரத்தைப் பல சொற்களில் தமிழ் சகரமாக்கிக்கொண்டது. 'செந்தமிழ்' என்ற சொல்லின் முதல் எழுத்தே அப்படி மாறி வந்ததுதான்.

அப்புறம், வட்டாரப் பேச்சு பழையதைக் காத்தும் வைத்திருக்கிறது. அவன், இவன், உவன் என்று சுட்டிக்காட்ட அ, இ, உ என மூன்று சுட்டு உண்டு என்கிறது தொல்காப்பியம். தமிழ்நாட்டுப் பேச்சில் மூன்றாவது போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு பாட்டி இன்றும் 'உவன் ஆர்?', 'உதை எடு' என்பார். அவரைக் கேலிசெய்து வாயை அடைத்துவிட்டால், நாம் இழந்த உகரச் சுட்டு அங்கேயும் போய்விடும். கூச்சப்பட்டு மக்கள் விட்ட சொற்களைப் பிறகு எந்த அகராதியாலும் நாக்குக்குத் திருப்பித் தர முடியாது.

எழுத்தில் ழ, ள, ய மூன்றும் வேறு வேறு என்று பேரனுக்குத் தெரிய வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. பாடப் புத்தகத்தை வாய்விட்டுப் படிக்கும்போது நாக்கை வளைக்கச் சொல்லிக்கொடுங்கள், நீங்களும் கூடவே பழகுங்கள். பழம் கேட்டு வரும்போது மட்டும் திருத்தாமல் உரித்துக் கொடுத்துவிடுங்கள்.